நிரல் இலவசம், பராமரிப்பு யார் கையில்?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூலை 31 அன்று நாடெங்கும் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப முடியாமல் தவித்தனர். அவ்வங்கிகளில் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் வட்டார ஊரக வங்கிகளும் ஆகும். அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கிவரும் சி-எட்ஜ் என்ற நிறுவனம், பாரத ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. அதன் கணினி அமைப்பு, தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பாதிப்பு மற்ற வங்கிகளுக்கும் பரவிவிடக் கூடாது என்பதற்காக, தேசியப் பணப் பரிமாற்றக் கழகமான என்பிசிஐ அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. மறுநாள் இணைப்பு மீண்டது. பெருநகர நாளேடுகளில் அது ஒரு நாள் செய்தி. பால் பணமும் பயிர்க்கடன் தவணையும் கூட்டுறவு வங்கி வழியாகவே கைக்கு வரும் குடும்பங்களுக்கு அது அவ்வளவு சிறிய செய்தியாக இருந்திருக்காது.

இத்தாக்குதலை ஆராய்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று வெளியிட்ட விவரம்தான் இவ்வகுப்பின் பொருளுக்கு நேராக இட்டுச் செல்கிறது. தாக்கியவர்கள் வங்கியின் கதவை உடைத்து உள்ளே வரவில்லை. துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சர்வரில் சரியாக அமைக்கப்படாமல் கிடந்த ‘ஜென்கின்ஸ்’ என்ற மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தனர். ஜென்கின்ஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட அந்த ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம் 2024 ஜனவரி மாதமே வெளியிடப்பட்டுவிட்டது. அதற்கும் விலை கிடையாது. ஆறு மாதங்களாக அதை எடுத்துப் பொருத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நிரல் இலவசம். திருத்தமும் இலவசம். அதைப் பொருத்த வேண்டிய உழைப்பு மட்டும் இலவசமன்று. அந்த உழைப்பை யார் தருகிறார், யார் கட்டுப்படுத்துகிறார், யார் விற்கிறார் என்பது அரசியல் பொருளாதாரக் கேள்வி. கட்டற்ற மென்பொருள் குறித்து இடதுசாரி வட்டாரங்களில் கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. தனியுரிம மென்பொருளுக்கு எதிராக அதை உயர்த்திப் பிடித்தது சரியே. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் உரிமம் என்ற வாசலோடு நின்றுவிட்டது. மூலதனம் அந்த வாசலைக் கடந்து எப்போதோ உள்ளே போய்விட்டது.

‘சப்போர்ட்’ என்று தொழிலில் வழங்கும் சொல்லின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லினக்ஸ் போன்ற இயங்குதளம் கட்டி முடித்த வீடு போன்றதன்று. தினமும் பழுது பார்க்க வேண்டிய ஏரிக்கரை போன்றது. வாரந்தோறும் அதில் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதும், அடைத்ததால் வேறெதுவும் உடையவில்லை எனச் சோதிப்பதும், இன்ன பதிப்பை இன்ன ஆண்டு வரை பராமரிப்போம் என உறுதி தருவதும் சேர்ந்ததே ‘சப்போர்ட்’. ஒரு வங்கியோ மின்வாரியமோ ஓர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த உறுதியைத்தான். வங்கிக்கான மென்பொருளை விற்கும் நிறுவனமும் “இந்த இயங்குதளத்தின் இந்தப் பதிப்பில் ஓடினால் மட்டுமே பொறுப்பேற்போம்” என்று சான்றிதழ் தருகிறது. மூல நிரல் கையில் இருந்தாலும் சான்றிதழ் இல்லாத இயங்குதளத்தை எந்த வங்கி அதிகாரியும் தொடமாட்டார்.

இந்த உறுதி ஒரு முதலாளியின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்ட்ஓஎஸ் வரலாறு போதும்.

அமெரிக்காவின் ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸை நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் விற்று வளர்ந்தது. நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், அதே மூல நிரலை எடுத்துத் தொகுத்து, ரெட் ஹேட் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, சந்தா இல்லாமல் தரும் பணியை ஆர்வலர்கள் 2004இல் தொடங்கினர். அதுவே சென்ட்ஓஎஸ். இந்தியாவில் கல்லூரி ஆய்வகங்கள் முதல் அரசுத் துறைகளின் சர்வர்கள் வரை எண்ணற்ற இடங்களில் அது ஓடிற்று. 2014இல் ரெட் ஹேட் அந்த ஆர்வலர் குழுவையே தன் குடைக்குள் கொண்டுவந்தது. அப்போது பலரும் மகிழ்ந்தனர். 2019இல் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான சென்ட்ஓஎஸ் 8 பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்று பயனர்கள் நம்பியிருந்தனர். 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது: பராமரிப்பு 2021 டிசம்பர் 31உடன் முடியும். எட்டு ஆண்டுகள் ஒரே கையெழுத்தில் வெட்டப்பட்டன. முந்தைய பதிப்பான சென்ட்ஓஎஸ் 7க்கும் 2024 ஜூன் 30 அன்று, முன்பே குறிக்கப்பட்ட தேதியில், கதவு அடைக்கப்பட்டது.

கட்டற்ற மென்பொருளின் பலம் இங்கே வெளிப்பட்டதையும் மறைக்கக் கூடாது. அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே அதே மூல நிரலிலிருந்து ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரு மாற்றுகள் பிறந்தன. விண்டோஸில் இது நடக்கவே நடக்காது. ஆனால் 2023 ஜூனில் ரெட் ஹேட் அடுத்த அடியை வைத்தது. முழுமையான மூல நிரல் இனிமேல் சந்தா கட்டிய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே; அதை வெளியில் பகிர்ந்தால் சந்தாவை ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. உரிமத்தின் எழுத்து மீறப்படவில்லை என்றது நிறுவனம். இருக்கலாம். பகிரும் உரிமையைச் சட்டம் தருகிறது. பகிர்ந்தால் அடுத்த திருத்தம் கிடைக்காது என்று ஒப்பந்தம் மிரட்டுகிறது. தொழிற்சங்க உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்க, சங்கம் வைத்தவருக்கு மட்டும் அடுத்த மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

கிளவுட் வந்தபின் இந்த உறவு இன்னும் இறுகிவிட்டது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் மட்டும் உலகின் கிளவுட் உள்கட்டமைப்புச் சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதாகச் சந்தை ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அங்கே வாடகைக்கு எடுக்கப்படும் இயந்திரங்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது. பணம் கட்டும் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், சந்தா மணிக்கணக்கில் வாடகையோடு சேர்த்து வசூலிக்கப்படும். உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை எடுத்தால் ஐந்தாண்டு வரை அடிப்படைத் திருத்தங்கள் விலையின்றி வரும். அதன் பிறகும் திருத்தம் வேண்டும் நிறுவனங்கள் சந்தா கட்டியாக வேண்டும்.

இதைவிடத் துல்லியமான சான்று அமேசானின் குபர்நெட்டிஸ் சேவை. பல சர்வர்களில் ஓடும் பயன்பாடுகளை ஒருங்கிணைக்கும் இம்மென்பொருளைக் கூகுள் 2014இல் திறந்த மூலமாக வெளியிட்டது. இன்று உலகெங்கிலும் உள்ள ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் கூட்டு உழைப்பில் வளர்கிறது. அமேசான் அதை நிர்வகித்துத் தர ஒரு தொகுதிக்கு மணிக்கு 10 சென்ட் வாங்குகிறது. ஒரு பதிப்புக்கு 14 மாதங்கள் வழக்கமான பராமரிப்பு. அதற்குள் புதிய பதிப்புக்கு மாறாதவர்கள் 2024 ஏப்ரல் முதல் ‘நீட்டித்த பராமரிப்பு’ என்ற கணக்கில் மணிக்கு 60 சென்ட் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் 876 டாலராக இருந்தது 5,256 டாலராகிறது. மென்பொருள் அதுவே, இயந்திரமும் அதுவே. வாடிக்கையாளரிடம் பதிப்பை மாற்றத் தெரிந்த ஆள் இல்லை என்பதற்கான விலை அந்த வித்தியாசம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் முதலிய திறந்த மூலத் தரவுத்தளங்களின் பழைய பதிப்புகளுக்கும் அமேசான் அதே ஆண்டில் இத்தகைய கட்டணத்தைக் கொண்டுவந்தது. ஆட்குறைப்பு செய்த நிறுவனம் மிச்சப்படுத்திய சம்பளம் வாடகையாக வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது.

உற்பத்தி சமூகமயமாகிறது, அபகரிப்பு தனியாருடையதாகவே இருக்கிறது என்று மார்க்சியம் சொல்லும் முரண்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான களத்தைக் காண்பது அரிது. 2024 மார்ச்சில் வெளிவந்த ‘எக்ஸ்இசட்’ விவகாரத்தை நினைத்துப் பார்க்கலாம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் இருப்பது. ஊதியமின்றி அதைப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். மனநலம் தளர்ந்திருந்த அவரிடம், உதவ வந்தவர் போல நடித்து இரண்டாண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், அதற்குள் ரகசியக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகித்த பொறியாளர் ஒருவரால்தான் அது பிடிபட்டது. இலட்சக்கணக்கான கோடி டாலர் சந்தை மதிப்புள்ள கிளவுட் நிறுவனங்களின் அடித்தளத்தில் ஊதியமில்லாத ஒரு மனிதரின் சோர்வு இருந்தது.

இடையில் ஒரு தவறான புரிதலையும் களைய வேண்டும். 2018இல் மோங்கோடிபி, 2021இல் எலாஸ்டிக்சர்ச், 2024இல் ரெடிஸ் என வரிசையாகச் சில நிறுவனங்கள் தம் மென்பொருளின் உரிமத்தை இறுக்கின. “கிளவுட் நிறுவனங்கள் எங்கள் உழைப்பை விற்றுக் கொழுக்கின்றன, திருப்பி எதுவும் தருவதில்லை” என்பது அவற்றின் வாதம். இதைக் கேட்டுச் சில நண்பர்கள் சிறு நிறுவனங்களின் பக்கம் நின்று கைதட்டினர். வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அந்த நிறுவனங்களும் துணிகர மூலதனத்தில் வளர்ந்தவையே. தம்மிடம் இலவசமாகச் சேர்ந்த பங்களிப்பாளர்களின் நிரலையும் சேர்த்துத்தான் பூட்டின. ரெடிஸ் உரிமத்தை மாற்றிய சில நாட்களில் ‘வால்கீ’ என்ற மாற்று பிறந்தது. அதைத் தாங்கி நிற்பவை அமேசான், கூகுள், ஆரக்கிள். நிரலைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்கு வேண்டிய பொறியாளர் படை எல்லோரிடமும் இல்லை. இது பெருமூலதனத்துக்கும் நடுத்தர மூலதனத்துக்கும் இடையிலான வழக்கு. இதில் தீர்ப்புச் சொல்லும் வேலை உழைக்கும் வர்க்கத்துக்கு இல்லை.

ஏகாதிபத்தியக் கோணம் இதைவிடக் கூர்மையானது. 2024 அக்டோபரில் லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யாவுடன் தொடர்புடைய ஏறத்தாழ ஒரு டசன் நிரலாளர்கள் நீக்கப்பட்டனர். தடைச் சட்டங்களுக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். நிரலை அவர்கள் இன்றும் பதிவிறக்கலாம். உரிமத்துக்கு நாடு இல்லை. ஆனால் அதைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கும், நிதி தரும் நிறுவனங்களுக்கும், நிரலைச் சேமித்துவைத்துள்ள தளங்களுக்கும் நாடு உண்டு; அந்த நாடு பெரும்பாலும் அமெரிக்கா.

இது ரஷ்யாவின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளைத் திடீரென நிறுத்தியது. ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட ஆலை அது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அதில் 49 விழுக்காட்டுப் பங்கு உண்டு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி, இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு இயங்கும் ஓர் ஆலையின் மின்னஞ்சலை, ஐரோப்பியத் தடையைக் காட்டி ஓர் அமெரிக்க நிறுவனம் பூட்டியது. தில்லி உயர் நீதிமன்றத்தை நயாரா அணுகிய பிறகே சேவை திரும்பியது. நயாராவின் பங்குதாரர்களுக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. அதே பூட்டு நாளை ஒரு பொதுத்துறை ஆலையில் விழலாம் என்பதே கவலை. மூல நிரலைத் திறந்துவைத்திருந்தாலும், அது ஓடும் இயந்திரமும் அதற்கான பராமரிப்பும் அதே நிறுவனங்களிடம் வாடகைக்கு இருந்தால் நிலைமை பெரிதும் மாறாது. 2018இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டம், தன் நாட்டு நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் சேமிக்கப்பட்டிருந்தாலும் அதைச் சட்டப்படி கோரலாம் என்கிறது. தரவு மையம் மும்பையில் இருக்கிறது என்ற ஆறுதல் அவ்வளவு தூரம்தான் செல்லும்.

ஒன்றிய அரசு என்ன செய்கிறது? கொள்கை இல்லாமல் இல்லை. 2015இல் வெளியிடப்பட்ட திறந்த மூல மென்பொருள் ஏற்புக் கொள்கை, மின்னாளுமைத் திட்டங்கள் அனைத்திலும் அதற்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும், தவிர்த்தால் காரணம் காட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இலேயே ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு உருவாக்கியது. ‘மேக்ராஜ்’ என்ற பெயரில் அரசு கிளவுட் திட்டமும் உண்டு. ஆனால் அதே மேக்ராஜின் கீழ் அமெரிக்கப் பெருநிறுவனங்களும் அங்கீகரிக்கப்பட்ட சேவையாளர்களாகச் சேர்க்கப்பட்டன. இயங்குதளத்தை உருவாக்குவதற்கு ஒருமுறை நிதி கிடைக்கிறது. அதை இருபது ஆண்டுகள் பராமரிக்க நிரந்தரப் பணியிடங்கள் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், பாதுகாப்புத் திருத்தத்துக்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டமாட்டார்.

‘சுதேசி’ முழக்கம் இந்த ஓட்டையைச் சாமர்த்தியமாக மறைக்கிறது. ஒன்றிய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக 2025இல் செய்தி வந்தது. அமெரிக்க நிறுவனத்தைவிட இந்திய நிறுவனம் மேல் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. தில்லியின் நீதிமன்றத்துக்கு அது கட்டுப்படும். ஆயினும் தேசியத் தகவலியல் மையம் என்ற பொதுத்துறை அமைப்பு பல்லாண்டுகளாகத் தானே நடத்திவந்த ஒரு பணி தனியார் கைக்குப் போனது என்பதே இதன் சாரம். முகவரிகள் பழையபடியே இருக்கின்றன, இயக்குபவர் மாறிவிட்டார்.

கேரளம் வேறு வழியைக் காட்டியது. அங்கே 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கியபோது பாடத்திட்டம் மைக்ரோசாஃப்டைச் சுற்றியே அமைந்திருந்தது. ஆசிரியர் சங்கம் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2019 வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில், அரசு நிறுவனமான ‘கைட்’ தானே தொகுத்த லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டது. உரிமக் கட்டணமாக 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. மேடைகளில் இந்தத் தொகை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய சாதனை வேறு. பயிற்றுநர்களாகவும் பராமரிப்பாளர்களாகவும் அங்கே உருவானவர்கள் வெளி ஒப்பந்ததாரர்கள் அல்லர். பணிமாற்றத்தில் வந்த பள்ளி ஆசிரியர்கள். மலையாளத்தில் எழுத்துரு சரியாகத் தெரியவில்லை என்றால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அதே மாவட்டத்தில் இருந்தார். புதிய பதிப்பு வரும்போது பாடநூலும் இயங்குதளமும் சேர்ந்தே மாறின. பராமரிப்பு என்ற உழைப்பைப் பொதுத்துறைக்குள்ளேயே வைத்துக்கொண்டதால்தான் இருபதாண்டுகள் கழித்தும் அது நிலைத்திருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை 2013க்குள் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, ஆட்சியாளர் மாறியதும் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்த கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(இங்கே ஒரு சுயவிமர்சனமும் பொருந்தும். கட்டற்ற மென்பொருளை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றும் இயக்க அலுவலகங்கள் பலவற்றில், பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறெதிலும் திறக்காது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய விண்டோஸ் கணினி ஒன்று மூலையில் பாதுகாக்கப்படுகிறது. யூனிகோடுக்கு மாற்ற ஓர் ஊழியருக்குச் சில வாரம் ஒதுக்கினால் தீரும் வேலை அது. ஒதுக்கப்படுவதில்லை.)

ஆகவே கோரிக்கையின் வடிவம் மாற வேண்டும். ‘அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள்’ என்பதோடு நிற்காமல், அதைப் பராமரிக்கும் நிரந்தரப் பணியிடங்கள் தேசியத் தகவலியல் மையத்திலும் சி-டாக்கிலும் பொதுத்துறை வங்கிகளிலும் உருவாக்கப்பட வேண்டும் என்பது சேர வேண்டும். கூட்டுறவு வங்கிகள் தனித்தனியே இதைச் செய்ய இயலாது. மாநிலக் கூட்டுறவு வங்கிகளும் நபார்டும் சேர்ந்து பொதுவான பராமரிப்பு மையம் ஒன்றை அமைக்கலாம். அத்தகைய மையம் ஒன்று இருந்திருந்தால், ஜனவரியில் வந்த திருத்தம் ஜூலை வரை காத்துக் கிடந்திருக்காது. கிளவுட் ஒப்பந்தப்புள்ளிகளில் தரவையும் பயன்பாடுகளையும் வேறு இடத்துக்கு மாற்றும் உரிமையும், அதற்கான காலமும் செலவும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். துணை ஒப்பந்தம் எத்தனை அடுக்கு வரை போகலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களும் வங்கி ஊழியர் சங்கங்களும் சேர்ந்து நடத்த வேண்டிய இயக்கம் இது. ஒன்று மற்றொன்றின் மொழியை இன்னும் கற்கவில்லை.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனத்திலும் உள்ள சங்கக் கிளை, தன் நிறுவனத்தின் சர்வர்களில் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதன் பராமரிப்பு எந்தத் தேதியில் முடிகிறது, அதைப் பராமரிப்பவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா என்ற மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்கலாம். சென்ட்ஓஎஸ் 7 இன்னும் எத்தனை இடங்களில் திருத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது வெளியே வரும். அதற்கு மாற்றாக வந்தவற்றில் ரெட் ஹேட் 8ஆம் பதிப்புக்கும், அதன் வழிவந்த ஆல்மா, ராக்கி 8ஆம் பதிப்புகளுக்கும் 2029 மே மாதத்தோடு பராமரிப்பு முடிகிறது. அந்தத் தேதிக்குள் எத்தனை பணியிடங்கள் நிரப்பப்படும் என்பது நான்காவது கேள்வி.